இணைச்சீருக்கு நிற்கிற கை: வெண்புள்ளி மேல் செல்ஃப் டேனர் இயல்பாகத் தெரியப் போடுவது எப்படி?

தடப்பள்ளி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் ஊர் கோபி பக்கம், வாய்க்கால் ஓரம். வயது 34. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். இரண்டு கையிலும் வெண்புள்ளி இருக்கிறது. வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒன்று. இடது புறங்கையில் பாதிக் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று. அப்புறம் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணு வரைக்கும் வெளுப்பு. நான்கு வருடமாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருந்து எதுவும் இப்போது எடுப்பதில்லை.

தினப்படி நான் இதை மறைப்பதில்லை. அளவு கொடுக்க வருகிற பழைய ஆட்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களில் ஒருத்தி இரண்டு பேர் மட்டும் "டேப்பை நானே பிடிச்சுக்கறேனுங்க்கா" என்பார்கள். சரி, பிடித்துக்கொள்ளட்டும்.

வருகிற ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், இன்னும் 23 நாள்தான். ஒரே அக்கா நான், இணைச்சீருக்கு, அதாவது எங்கள் கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்கிற சீருக்கு, நான்தான் நிற்க வேண்டும். பார்த்தவர்களுக்குத் தெரியும், சீர் நடத்தி வைக்கிற பெரியவரான அருமைக்காரர் சொல்லச் சொல்ல எல்லாம் கையால் செய்கிற வேலை. கூட்டம் முழுக்கச் சுற்றி நிற்கும், வீடியோக்காரர் விளக்கை நேராகக் கை மேல்தான் அடிப்பார். பெண் வீட்டார் சேலம் ஜில்லா, புதுச் சொந்தம். அன்றைக்குப் பேச்சு பெண்ணைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் இருக்க வேண்டும், மாப்பிள்ளை அக்கா கையைப் பற்றி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை. எங்கள் பக்கம் இன்னும் இதை வெண்குஷ்டம் என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தொட்டால் ஒட்டாது. ஆனால் பந்தியில் உட்கார்ந்து அதற்கு வகுப்பு எடுக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவில் இருக்கிற சித்தி மகள் போன தடவை வந்தபோது ஒரு செல்ஃப் டேனர் கொடுத்துவிட்டுப் போனாள். நுரையாக வருகிற பாட்டில், 'டார்க்' என்று போட்டிருந்தது. அங்கே வெள்ளைக்காரர்கள் வெயில் காயாமல் மாநிறம் ஆவதற்குப் பூசுவதாம். இங்கே கோபியில் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். "சிவப்பாகறதுக்கு இருபது கிரீம் இருக்குதுங்க, கருப்பாகறதுக்கு யாரும் கேட்டதில்லை" என்று சிரித்தார்.

போன வாரம் அந்த நுரையைப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று ராத்திரி, பாடி லோஷன் மாதிரி இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தேய்த்தேன். போட்டதுமே அச்சு அசல் என் நிறம் வந்துவிட்டது. சந்தோஷமாகத் தூங்கிப் போனேன். காலையில் கை கழுவினால் பாதி நிறம் தண்ணீரோடு போகிறது. மிச்சம் நின்றது பரங்கிப் பழ நிறம். புள்ளி ஆரஞ்சு, புள்ளியைச் சுற்றிக் கருவளையம், உள்ளங்கை மஞ்சள். அம்மா பார்த்துவிட்டு "ஏங்கண்ணு, மஞ்சக் கெழங்கு ஒரசுனியா?" என்று கேட்டது. பீர்க்கை நாரைப் போட்டு அரைமணி நேரம் தேய்த்து எடுத்தேன்.

எங்கே தப்புப் பண்ணினேன்? மாநிறக் கைக்கு இது ஒத்து வருமா, இல்லை மேக்கப் போட்டுச் சமாளிப்பதா? மேக்கப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில் பவுண்டேஷன் போட்டுப் போய், வேர்வையில் கரைந்து சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டது.

சென்னிமலைத் தறி:

முதலில் அந்தப் பீர்க்கை நாரைத் தூக்கி எறியுங்கள் அக்கா. வெண்புள்ளி இருக்கிறவர்கள் தோலை அழுத்தித் தேய்க்கவே கூடாது. சிலருக்குக் காயம் பட்ட இடத்திலும் ஓயாமல் உரசுகிற இடத்திலும் புதுப் புள்ளி கிளம்பும். கோப்னர் என்று டாக்டர்கள் ஒரு பெயர் சொல்வார்கள். இடுப்பு நாடா இறுக்குகிற இடம், செருப்பு வார் உரசுகிற இடம் எல்லாம் இந்தக் கணக்குதான். நான்கு வருடம் கூடாமல் இருப்பதை நார் போட்டுக் கிளப்பிவிடாதீர்கள். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

எனக்குப் பதினோரு வருடமாக இருக்கிறது, கழுத்திலும் புறங்கையிலும். ஆண்பிள்ளைதான், ஆனால் ஜவுளிச் சந்தையில் பெட்ஷீட் விரித்துக் காட்டுகிற வேலை, கைதான் முன்னால் போகும். வேண்டும் என்கிறபோது டேனர் போடுகிறேன். மாநிறத்துக்கு நன்றாகவே ஒத்து வரும். போடுகிற முறைதான் வேறு.

நீங்கள் செய்த பெரிய தப்பு, கை முழுக்கப் போட்டது. பாட்டிலில் எழுதியிருப்பது வெள்ளைக்காரர் உடம்பு முழுக்கப் பூசுவதற்கான முறை. நமக்குப் புள்ளிக்கு மட்டும்தான் நிறம் வேண்டும். சுற்றியுள்ள தோல் மேல் பட்டால் அதுவும் சேர்ந்து கறுக்கும், வித்தியாசம் அப்படியேதான் நிற்கும். உங்களுக்கு வந்த கருவளையம் அதுதான். காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்து, புள்ளியின் நடுவில் தொட்டு, ஓரத்தைப் பார்த்துக் கொண்டுபோய், ஓரத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்துங்கள். மிச்சத்துக்கு அதுவே பரவிக்கொள்ளும். கை நடுங்கினால் புள்ளிக்கு வெளியே சுற்றிலும் வாசலினை மெல்லிசாகத் தடவிக்கொள்ளுங்கள், அங்கே பிடிக்காது. புள்ளிக்கு உள்ளே மட்டும் வாசலின் போய்விடக் கூடாது.

இரண்டாவது தப்பு எண்ணெய்க் குளியல். தேங்காய் எண்ணெய் தோலில் துளி இருந்தாலும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். எண்ணெய் வைத்து அரப்புப் போட்டுக் குளிப்பதை இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். போடுகிற அன்று சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பு வாடையே இல்லாமல் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, காய்ந்த பிறகு போட வேண்டும்.

மூன்றாவது, போட்டவுடன் தெரிந்த நிறத்தை நம்பியது. அது எங்கே பூசினோம் என்று தெரிவதற்காகச் சேர்க்கிற சாயம், கழுவினால் போய்விடும். உண்மையான நிறம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஏற ஆரம்பிக்கும், முழுதாகத் தெரிய எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகும். அதனால் 'டார்க்' வேண்டாம். லேசானதை வாங்கி, ஒரு ராத்திரிக்கு ஒரு பூச்சு என்று மூன்று ராத்திரி ஏற்றுங்கள். நான் டேபிள் ஃபேன் முன்னால் கால் மணி நேரம் கையை நீட்டி உட்கார்ந்திருப்பேன், வீட்டில் ஒரே சிரிப்பு. ஆறு மணி நேரமாவது பாத்திரம், துணி, தண்ணீர் எதுவும் கிடையாது. உள்ளங்கைத் தோல் தடிப்பு, அது கண்டபடி உறிஞ்சும், அதனால் கையுறை இல்லாமல் பாட்டிலைத் தொடாதீர்கள்.

விரல் நுனிதான் சிரமம். எனக்கும் அங்கே சரியாக வந்ததே இல்லை.

பொன்னாபுரம் பெரியவர்:

இதற்கெல்லாம் சீமை மருந்து எதற்கு அம்முணி? கார்போகரிசி விதையை அரைத்துப் புள்ளி மேல் போட்டுக் காலை வெயிலில் கையைக் காட்டு. எங்கள் காலத்தில் அதுதான் வைத்தியம். நிறம் தானாகத் திரும்பும்.

லேப்டிப்:

நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். தோல் பற்றி ஒன்றும் தெரியாது, ஷேடு பற்றித் தெரியும். அக்கா எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கணும். லேப் டிப் போடாமல் நேராக பல்க்கில் இறங்கிவிட்டீர்கள்.

நாங்கள் ஒரு டன் துணிக்குச் சாயம் ஏற்றும் முன்னால் கையளவுத் துணியில் மூன்று ஷேடு போட்டு ஏ, பி, சி என்று துணி வாங்குகிற பையருக்கு அனுப்புவோம், அதுதான் லேப் டிப். ஓகே வந்த பிறகுதான் பெரிய மெஷின். நீங்களும் அதையே செய்யுங்கள். இடது புறங்கைப் புள்ளியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலைக்கு ஒரு பூச்சு, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. எது ஓகே என்று கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பூச்சு என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்பினால் இரண்டாவது லாட் முதல் லாட்டோடு ஒட்டாது, இது பட்டறையில் நான் திட்டு வாங்கிக் கற்றது.

அப்புறம் வெளிச்சம். எங்களிடம் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரே துணியைப் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். ஒன்றில் அச்சாகப் பொருந்துவது இன்னொன்றில் சிவந்து நிற்கும். உங்கள் கையையும் வாசலில் பார்த்து, டியூப் லைட்டில் பார்த்து, முடிந்தால் அந்த மண்டபத்துக்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். செல்போன் ஃபிளாஷ் அடித்து ஒரு போட்டோவும் எடுங்கள், வீடியோ விளக்கில் எப்படி விழும் என்று ஓரளவுக்குத் தெரியும்.

ஷேடு ஒரு துளி கம்மியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கம்மியானதை ஏற்றிக்கொள்ளலாம். கூடிப்போனதை இறக்க எங்களுக்கே ஸ்ட்ரிப்பிங் என்று தனி வேலை, உங்கள் தோலுக்கு அந்த வசதி இல்லை.

நம்பியூர் சிஸ்டர்:

தனியார் மருத்துவமனை ஒன்றில் தோல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கார்போகரிசி சும்மா சொல்லி வந்த மருந்து இல்லை. அதில் வெளிச்சம் பட்டால் தோலில் வேலை செய்கிற சோரலென் என்கிற பொருள் இருக்கிறது, அதே வகைப் பொருளை வைத்துத்தான் இங்கிலீஷ் வைத்தியத்திலும் வெளிச்ச சிகிச்சை கொடுத்தார்கள். ஆனால் அளவு தெரியாமல் அரைத்துப் போட்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளம் போடும். அப்படி வந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு 23 நாள் வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சை வேண்டாமுங்க.

டேனர் வேலை செய்கிற விதம் தெரிந்தால் பயம் போய்விடும். அதில் இருக்கிற முக்கியமான பொருள் டைஹைட்ராக்ஸி அசிட்டோன், ஒரு வகைச் சர்க்கரை. தோலின் மேலே செத்துக் கிடக்கிற செல்களில் இருக்கிற அமினோ அமிலத்தோடு சேர்ந்து அது பழுப்பாகிறது. தோசை முறுகுவதும் இதே வகை வினைதான், கல்லின் சூடு மட்டும் இங்கே இல்லை. போட்ட சில மணி நேரம் பிஸ்கட் வாடை மாதிரி ஒன்று அடிப்பதும் அதனால்தான். செத்த செல் உதிர உதிர நிறமும் உதிரும். உடம்பில் ஒரு வாரம் வரை நிற்கும், அடிக்கடி கழுவுகிற கையில் மூன்று நான்கு நாள்தான். வெண்புள்ளியில் இல்லாமல் போனது தோலுக்கு நிறம் தருகிற மெலனின் மட்டும், மேல்தோல் அங்கேயும் இருக்கிறது, அதனால் நிறம் பிடிக்கிறது. ஆனால் அடியில் மெலனின் இல்லாததால் ஒரேயடியாகக் கெட்டியாகப் போட்டால் ஆரஞ்சாகத்தான் தெரியும். மெல்லிசாகப் பல பூச்சு என்று சென்னிமலைக்காரர் சொன்னதுதான் சரி.

இது கண்டுபிடித்த கதையும் நம் விஷயத்துக்குப் பக்கம்தான். 1950களில் அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்கிற ஆராய்ச்சியாளர், கிளைகோஜன் சேமிப்பில் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இதை வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் துப்பியது தோலில் பட்ட இடமெல்லாம் பழுப்பானது, துணியில் கறை இல்லை. அழகு சாதனக்காரர்கள் பிறகு பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஐரோப்பாவில் டேனரில் இது 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெண்புள்ளிக்கு 5 சதவீதம் பக்கம் இருப்பதே போதும்.

முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லை என்றால் மேலே போங்கள். உதடு, கண் ஓரம் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். இன்னொன்று முக்கியம். பழுப்பாகிவிட்டது என்பதற்காக அந்த இடம் வெயில் தாங்கும் என்று நினைக்காதீர்கள், கீழே அதே வெள்ளைத் தோல்தான். பத்திரிகை வைக்க வண்டியில் சுற்றுவீர்கள், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். வெளிச்ச சிகிச்சையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், டாக்டரிடம் சொல்லாமல் டேனர் போடாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் கேட்கலாம்.

கேட்காமல் ஒரு வார்த்தை: நெற்றியில் புள்ளி இல்லையே? ஸ்டிக்கர் பொட்டுப் பசையில் இருக்கிற ஒரு ரசாயனத்தால் பொட்டு வைக்கிற இடமே வெளுத்துப்போனவர்கள் உண்டு. நீங்கள் குங்குமமே வையுங்கள்.

லேப்டிப்:

சிஸ்டர் சொன்னதில் துணியில் கறை இல்லை என்பதைப் படித்ததும் ஒரு விஷயம் உறைத்தது. பருத்தியில் புரதம் கிடையாது, அதனால் ஏறவில்லை. பட்டு முழுக்கப் புரதம். அக்கா, பூச்சு ஈரமாக இருக்கும்போது பட்டுச் சேலையைத் தொடாதீர்கள். அது போகாத கறை.

நொய்யல்கரை:

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எனக்கு முகத்திலேயே இருக்கிறது, எதுவும் போடுவதில்லை, அப்படியேதான் கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். தம்பி கல்யாணத்தில் அக்கா கை அக்கா கையாகவே இருந்தால் என்ன? நாம் மறைக்க மறைக்கத்தானே அவர்கள் பேசுகிறார்கள்?

தடப்பள்ளி:

நொய்யல்கரை, நீங்கள் சொல்வது தப்பில்லை. தினம் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் என் கல்யாணத்தில் முகூர்த்தம் முடியும் முன்னாலேயே ஒரு பெரியம்மா எங்கம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய் "இது பிள்ளைக்கும் வருமா" என்று கேட்டது. அப்போது அம்மா முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை அம்மா நிம்மதியாகப் பந்தி பார்க்கட்டும். அவ்வளவுதான்.

பெரியவருக்கும் நன்றிங்க. மற்றவர்கள் சொன்னபடி 5 சதவீதத்தில், போட்டவுடன் தெரிகிற அந்தச் சாயம் சேர்க்காத டேனர் லோஷன் ஒன்று ஆன்லைனில் சொல்லிவிட்டேன். விரலுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

பவானிக்காரி:

விரலுக்கு எதற்கு டேனர்? மருதாணித் தொப்பி வையுங்கள்! பத்து விரலுக்கும் முதல் கணு வரைக்கும் அரைத்து வைத்தால் வெளுப்பு எது, நல்ல விரல் எது என்று யாருக்குத் தெரியப் போகிறது? கல்யாண வீட்டில் மருதாணி வைக்காமல் இருந்தால்தான் கேட்பார்கள். வீட்டு இலையாக இருக்கட்டும், கடையில் விற்கிற கருப்பு மருதாணி மட்டும் வேண்டவே வேண்டாம். என் நாத்தனாருக்கு அதில் கை பொத்துப் போனது.

தடப்பள்ளி:

கல்யாணம் நல்லபடியாக முடிந்ததுங்க. நேற்றுத்தான் வீடியோ வந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு வாரம் முன்னால் லேப் டிப் போட்டேன். ஒரு பூச்சு மோர் நிறம், இரண்டு பூச்சு நாட்டுச்சர்க்கரை, மூன்று பூச்சு கிட்டத்தட்ட நான். நான்காவது போட்டதில் சிவந்துவிட்டது. தையல் நோட்டில் அளவுகளுக்கு நடுவில் எழுதி வைத்தேன், மார்பளவு 36, கைநீளம் 9, அதற்குக் கீழே "புதன் ராத்திரி 9 மணி, இரண்டாம் பூச்சு". என்னிடம் தைக்கப் பழகுகிற பெண் படித்துவிட்டு இது எந்தச் சுண்ணாம்புக் கணக்கு அக்கா என்றாள்.

முகூர்த்தம் ஞாயிறு விடிகாலை. புதன், வியாழன், வெள்ளி மூன்று ராத்திரியும் போட்டேன். வெள்ளி ராத்திரிதான் சிக்கல். வீடு முழுக்கச் சொந்தம், நான் மட்டும் பாத்திரம் தொடாமல் ஃபேன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்ன மாமியார் ஒரு பார்வை பார்த்தது. மருதாணி என்று சொல்லித் தப்பித்தேன். அது பொய்யும் இல்லை, மருதாணி விரலில் இருந்தது. அரைத்த கையோடு தொப்பி வைத்ததில் அந்த இரண்டு விரலில் மட்டும் சிவப்பு ஒரு பிடி தூக்கலாக இருந்தது, யாரும் கேட்கவில்லை.

மஞ்சளுக்குத்தான் பயந்தேன். நலங்கில் கையைப் பிடித்து நன்றாகத் தேய்த்துவிட்டார்கள். மஞ்சள் கழுவினபோது புறங்கைப் புள்ளி கொஞ்சம் இளைத்தது, ஆனால் மஞ்சள் எல்லாத் தோலிலும்தான் இருந்தது, அதனால் ஒத்துப்போனது. லேப்டிப் அண்ணன் சொன்ன மாதிரி முதல் நாளே மண்டபத்தில் போய் விளக்குப் போட்டுப் பார்த்திருந்தேன், அந்தத் தைரியம் ஒன்று.

வீடியோவில் இணைச்சீர் மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். இடது கை தெரியவே இல்லை. வலது மணிக்கட்டில் வளையல் உரசிய இடத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அம்மாவுக்குத் தெரியவில்லை, தம்பிக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. புதன்கிழமைக்கெல்லாம் நிறம் செதில் செதிலாக உதிர்ந்து, பழைய கை திரும்பி வந்துவிட்டது. அந்தக் கையோடுதான் மறுவீட்டு விருந்துக்குப் போனேன். தம்பி பெண்டாட்டி பார்த்தாள். "அண்ணி, இது வலிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அப்போ ஜாக்கெட்டுக்கு அளவெடுங்க என்று கையை நீட்டினாள்.

பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. எவ்வளவு நாள் தாங்கும்?

சென்னிமலைத் தறி:

பாட்டில் பின்னால் திறந்த டப்பா படம் போட்டு அதற்குள் 6 அல்லது 12 என்று இருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம். வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வாடை மாறினாலோ பச்சையடித்தாலோ கொட்டிவிடுங்கள். தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, அந்த நோட்டுக் கணக்கை எனக்கும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.